திருடனுக்கு விட்டுவந்த குடை

மழை வந்தால் வாழையிலையையும் சேம்பிலையையும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடுகிற ஒரு கிராமம். குடை என்ற பொருளை அங்கே எவரும் கண்டதில்லை. அந்த ஊர்க் கிரி மாமா முதன்முறையாகப் பட்டணம் போகிறார். தெருவில் குடை பிடித்துப் போகிறவர்களைக் கண்டு வியந்து தானும் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்புகிறார். வழியில் ஒரு கோப்பிக் கடை. குடையை வெளியே வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனவர் வந்து பார்த்தால் குடையைக் காணவில்லை. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் காணவில்லை. கடைசியில் ஒரு யுக்தி செய்கிறார். மடித்த குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். வழியெல்லாம் சிந்திக் கிடந்த காகிதத்தைத் தொடர்ந்து போனால், காட்டு மரமொன்றில் அத்தனை குடைகளும் தொங்குகின்றன. எடுத்தது ஒரு குரங்கு. கிரி மாமா குடைகளைக் கொண்டுவந்து ஊரின் முதலாவது குடைக்கடையைத் திறக்கிறார். ஆனால், ஒரு குடையை மட்டும் திருடனுக்கென்று விட்டுவிட்டு வருகிறார்.

சிபில் வெத்தசிங்க எழுதி, தானே படமும் வரைந்த ‘குட ஹொரா’ (குடைத் திருடன்) என்ற சிங்களப் படக்கதை இதுதான். காலிக்கு அருகே கிந்தோட்டையில் 1927இல் பிறந்தவர் அவர். புத்தகம் 1956இல் வந்தது. பின்னர் பல மொழிகளுக்குப் போனது; 1980களில் ஜப்பானியப் பிள்ளைகளிடம் போய் அங்கே பரிசும் பெற்றது. இலங்கையில் பிறந்த சிறுவர் படக்கதைகளில் இதைவிடப் பரவலாக அறியப்பட்ட இன்னொன்றை நான் அறியேன்.

எங்கள் திருகோணமலையின் உப்புவெளியில் ஒரு முன்பள்ளி ஆசிரியை, பிள்ளைகளுக்கு இரக்கத்தையும் பிறரை மதிப்பதையும் பழக்க எந்தப் புத்தகத்தை எடுக்கலாம் என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். சொன்னவுடன் மறுப்புகளும் வரும். அந்த மறுப்புகள் பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையில் பிறந்தவை. ஆனால் அவற்றுள் பல உண்மையோடு ஒத்துப்போவதில்லை.

“கள்ளனுக்குத் தண்டனை இல்லாத கதை பிள்ளையைக் கெடுக்கும்”

முதலில் எழுவது இதுதான். களவெடுத்த குரங்குக்கு அடியில்லை, ஏச்சில்லை, போதாததற்கு ஒரு குடையும் கிடைக்கிறது. இதைக் கேட்டு வளர்கிற பிள்ளை நாளைக்குப் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை எடுக்காதா?

தண்டனைக் கதைகள் பிள்ளையை நேர்மையாக்கும் என்பது நாம் சோதிக்காமலே ஏற்றுக்கொண்ட ஒன்று. சோதித்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் காங் லீ, விக்டோரியா தல்வார் முதலிய உளவியலாளர்கள் 3 வயது முதல் 7 வயது வரையான பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மை. “திரும்பிப் பார்க்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போகிறார். பிள்ளைகளுக்கு அடக்க முடியாத ஆசை. பிறகு பெரியவர் வந்து ஒரு கதை வாசிக்கிறார். வாசித்துவிட்டு, “திரும்பிப் பார்த்தாயா, உண்மையைச் சொல்” என்று கேட்கிறார். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினோக்கியோவின் கதையும், “ஓநாய், ஓநாய்” என்று பொய்க்குரல் எழுப்பி அழிந்த சிறுவனின் கதையும், நேர்மையோடு தொடர்பே இல்லாத ஆமை முயல் கதையைவிடக் கூடுதலாக எதையும் செய்யவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையிடம் பாராட்டுப் பெற்ற சிறுவன் வாஷிங்டனின் கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அதே வாஷிங்டன் கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றி வாசித்தபோது அந்தப் பலனும் போய்விட்டது.

என் கணிப்பு இது: தண்டனைக் கதை பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுப்பது பயத்தை. பயந்த பிள்ளை தப்பிக்கும் வழியைத்தான் தேடும். நல்லது செய்தவருக்கு என்ன நேர்ந்தது என்று காட்டுகிற கதைதான் பிள்ளையை அந்தப் பக்கம் இழுக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிரி மாமா களவைக் கண்டும் காணாமல் விட்டவர் அல்லர். யோசித்து, காகிதத் துண்டு போட்டு, காடுவரை தேடிப் போய்த் தன் பொருளை மீட்கிறார். மீட்ட பிறகுதான் ஒன்றை விட்டுவிட்டு வருகிறார். இரக்கம் என்றால் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு; வகுப்பில் அடி வாங்கியும் வாய் திறக்காதவர்கள் அவர்கள்தான். உன்னுடையதைக் கேட்டு வாங்கலாம், வாங்கிய பிறகும் எதிரே நிற்பவனிடம் கருணையாக இருக்கலாம் என்று அவர்களுக்குக் காட்ட இந்தக் கதை போதும்.

“கதை முடிந்ததும் நீதியைச் சொல்லிவிட வேண்டும்”

நமக்கு இது ஆழமாகப் பதிந்த பழக்கம். ஔவையின் ஆத்திசூடி முதல் ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் வரை, நல்லொழுக்கத்தை நேரே எடுத்துச் சொல்லும் மரபில் வந்தவர்கள் நாம். அந்த மரபைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. வாயில் நின்ற வரி, தேவைப்படும் நேரத்தில் எழுபது வயதிலும் துணைக்கு வரும். ஆனால் படக்கதை வேறு வகை. அது பிள்ளையிடம் ஒரு முகத்தையும் ஒரு நிலைமையையும் கொடுத்துவிட்டு நிற்கிறது. அந்த இடத்தில் பெரியவர் குறுக்கே வந்து, “ஆகவே பிள்ளைகளே, நாம் எல்லோரிடமும் அன்பாக இருக்க வேண்டும்” என்று முடித்தால், பிள்ளை தலையாட்டும். அந்தத் தலையாட்டலோடு யோசனையும் நின்றுவிடும்.

அமெரிக்காவில் சீலியா பிரவுனெல் முதலியோர் ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையான குழந்தைகளிடம் இதைப் பார்த்தார்கள், 2013இல் வெளியிட்டார்கள். பெற்றோர் குழந்தையோடு படப்புத்தகம் பார்க்கிறார்கள். பிறகு அந்தக் குழந்தை பிறருக்கு உதவுகிறதா, தன்னிடம் உள்ளதைப் பகிர்கிறதா என்று கவனிக்கிறார்கள். படத்தில் இருப்பவரின் உணர்வைப் பற்றிக் குழந்தையையே சொல்ல வைத்த பெற்றோரின் பிள்ளைகள்தான் கூடுதலாக உதவினார்கள், கூடுதலாகப் பகிர்ந்தார்கள். பெற்றோர் தாமே எவ்வளவு விளக்கினார்கள் என்பதற்கும் உதவும் குணத்துக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. பேச வேண்டியது பிள்ளையின் வாய்.

குடையைக் காணாமல் கிரி மாமா நிற்கும் பக்கத்தில் நின்றுவிடுங்கள். “மாமாவின் முகத்தைப் பாருங்கோ, அவருக்கு இப்ப எப்படி இருக்கும்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு யோசிக்க நேரம் வேண்டும். நாமோ சில நொடி மௌனத்தையும் தாங்க மாட்டாமல் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். “குரங்கு ஏன் எடுத்திருக்கும்?” என்பது அடுத்த கேள்வியாக இருக்கலாம். குரங்கும் மழையில் நனையுமே என்று ஒரு பிள்ளை சொல்லும். விளையாட என்று இன்னொன்று சொல்லும். மூன்றாவது பிள்ளை, அது கெட்ட குரங்கு என்று சொல்லும். மூன்று பதிலையும் ஒரே கவனத்தோடு கேட்கும் ஆசிரியை, மதிப்பு என்றால் என்ன என்பதை அந்தக் கணத்திலேயே கற்பித்துவிடுகிறார். மதிப்பு பற்றி மட்டும் ஒரு பாடம் நடத்தி அதைச் சாதிக்க முடியாது.

“சின்னப் பிள்ளைகளுக்கு மிருகக் கதைதான் பொருத்தம்”

மிருகங்கள் பேசினால் பிள்ளைகள் ரசிப்பார்கள், உண்மை. அவற்றிடமிருந்து பண்பைக் கற்றுத் தம் வாழ்வில் பொருத்துவார்களா என்பது வேறு கேள்வி. டொரொன்டோவில் நிக்கோல் லார்சன், காங் லீ, பட்ரிஷியா கனேயா ஆகியோர் 4 வயது முதல் 6 வயது வரையான பிள்ளைகளிடம், பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாக வாசித்தார்கள்: ஒன்றில் மனித உடை உடுத்த மிருகங்கள், மற்றதில் மனிதர்கள். மனிதர் கதையைக் கேட்ட பிள்ளைகள் தம்மிடமிருந்த ஸ்டிக்கர்களில் முன்னையைவிடக் கூடுதலாகப் பிறருக்குக் கொடுத்தார்கள். மிருகக் கதையைக் கேட்டவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை.

குட ஹொராவில் குரங்கு குரங்காகவே இருக்கிறது. இரக்கம் காட்டுவது மனிதர். பிள்ளை பின்பற்ற வேண்டிய ஆள் சாரம் கட்டிய ஒரு கிராமத்து மாமா. அதனால் இந்தப் புத்தகத்தில் அந்தச் சிக்கல் குறைவு.

ஆனால் குரங்கு என்றதும் நம் மாவட்டத்தில் எல்லாப் பிள்ளைக்கும் சிரிப்பு வராது. தோட்டமும் தென்னையும் வைத்திருக்கும் வீடுகளுக்குக் குரங்கு உண்மையான துன்பம். 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை விவசாய அமைச்சே பேசியது. நாடெங்கும் வாதம் எழுந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எழுந்து, “எங்கட தேங்காயெல்லாம் அதுதான் பிடுங்கிறது, அதுக்குக் குடை ஏன் குடுக்கவேணும்?” என்று கேட்டால் ஆசிரியை என்ன செய்வார்? அடக்கிவிட்டால் பாடம் அங்கேயே தோற்றுவிடும். அந்தப் பிள்ளை தன் தகப்பனின் நட்டத்தைப் பேசுகிறது. அதைக் கேட்க வேண்டும், மற்றப் பிள்ளைகளையும் கேட்க வைக்க வேண்டும். கோணேசர் கோயில் மலையடிவாரத்தில் மான்களுக்குத் தீனி கொடுத்து மகிழும் பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கும். இரண்டு பிள்ளைகளும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கிற அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் புத்தகத்தை எடுத்தோம்.

“அது சிங்களப் புத்தகம், எங்கட பிள்ளைக்கு எதற்கு?”

இந்த மறுப்பை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். புத்தகம் வெளிவந்த 1956ஆம் ஆண்டைத் தமிழர்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு அது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏற, 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் இந்தத் துறைமுக நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் பட்டதை இங்குள்ள எந்த அம்மம்மாவிடம் கேட்டாலும் சொல்வார். அப்படியிருக்க, மதிப்பையும் இரக்கத்தையும் கற்றுக்கொள்ளும்படி எங்கள் பிள்ளையிடம் மட்டும் கேட்பது என்ன நியாயம் என்ற கேள்வி எழுந்தால், அந்தக் கேள்வியில் பிழை இல்லை.

ஆனால் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பது தென்னிலங்கையின் ஓர் ஏழைக் கிராமம். சேம்பிலையால் தலையை மூடுகிறவர்கள், பட்டணத்தைக் கண்டு மலைக்கிறவர்கள், கோப்பிக் கடையில் குந்தியிருந்து கதைக்கிறவர்கள். சாம்பல்தீவிலும் சல்லியிலும் நிலாவெளியிலும் வளர்ந்த எவருக்கும் இவர்கள் அந்நியர் அல்லர். நம் பிள்ளைகளில் பலர் சிங்களவரை முதலில் அறிவது சோதனைச் சாவடி பற்றிய பெரியவர்களின் பேச்சு மூலமாகவோ, கடற்கரைக்கு விடுமுறைக்கு வரும் பேருந்துகள் மூலமாகவோதான். கிரி மாமா மூலம் அறிவது அதைவிட மேலானது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர்கள், எஞ்சியோரில் மிகப் பெரும்பாலோர் சிங்களவர். மூவரும் ஒரே சந்தைக்கும் ஒரே ஆஸ்பத்திரிக்கும் போகிறோம். பள்ளிக்கூடம் மட்டும் பெரும்பாலும் மொழியாலும் மதத்தாலும் பிரிந்து கிடக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகாமலே பதினெட்டு வயதை எட்டிவிடுகிறார்கள். மூன்று வகுப்பறைகளிலும் தெரிந்த ஒரே கதை ஒன்றாவது இருந்தால், பின்னாளில் அவர்கள் சந்திக்கும்போது பேசத் தொடங்க ஒன்று இருக்கும். அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் சொன்னது இன்றும் பலரால் எடுத்தாளப்படுகிறது: பிள்ளைக்குப் புத்தகம் தன் முகம் தெரியும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், பிறர் வாழ்வு தெரியும் சாளரமாகவும் இருக்க வேண்டும். குட ஹொரா நம் பிள்ளைக்குச் சாளரம்.

அதே அளவுகோலின்படி சிங்களப் பிள்ளைக்கும் ஒரு சாளரம் வேண்டும். சல்லிக் கரையில் கரைவலை இழுப்பவர்கள், கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலுக்குக் குடை பிடித்துப் போகும் ஆச்சி, கிண்ணியாவில் துறையைக் கடக்கும் குடும்பம், கோட்டைக்குள் மேயும் மான்கள் ஆகியவற்றை வைத்து இங்கே இருந்து எழுதி, இங்கே இருந்தே வரைந்த படக்கதைகள் சிங்களத்திலும் போக வேண்டும். மதிப்பு ஒருவழிப் பாதையாக இருந்தால் அதற்கு வேறு பெயர். ஆனால் அவர்கள் தொடங்கட்டும் என்று நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கதையை மறுப்பது, நம் பிள்ளைகளையே குறைப்பதாகும்.

“தாய்க்கு வாசிக்கத் தெரிந்தால்தான் வீட்டில் இதெல்லாம்”

இல்லை. வெத்தசிங்கவின் படங்களே கதையை முழுவதும் சொல்கின்றன. குடை வைத்த இடம், காணாமல் போன இடம், காகிதத் துண்டு, மரம்: எல்லாம் கண்ணில் தெரிகிறது. எழுத்தறியாத அம்மம்மா மடியில் பிள்ளையை வைத்து, ஒவ்வொரு படத்திலும் “இங்க என்ன நடக்குது?” என்று கேட்டாலே போதும். பிள்ளை சொல்வதை வைத்து இன்னொன்று கேட்டு, அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லி, மறுபடி பிள்ளையிடம் விடுகிற இந்த உரையாடல் முறையை அமெரிக்காவின் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு 1988இல் முறையாகச் சோதித்து, பிள்ளைகளின் மொழி வளர்வதைக் காட்டியது. நம் வீடுகளில் கதை சொல்லிச் சோறு தீத்தும் கிழவிகளுக்கு அந்தக் கலை புதிதல்ல.

அதே புத்தகத்தைப் பிள்ளை நாள்தோறும் கேட்டால் சலித்துக்கொள்ளவும் வேண்டாம். 2011இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், பல கதைகளைக் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்கள் புதுச்சொற்களை நன்றாகக் கற்றார்கள்.

“நல்ல புத்தகம் வாசித்தால் பண்பு தானாக வந்துவிடும்”

மற்ற எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது இந்த நம்பிக்கைதான், ஏனென்றால் புத்தகத்தை நேசிப்பவர்களிடமே இது அதிகம். மேலே சொன்ன சோதனைகளில் பண்பைப் பற்றியவை, கதை கேட்ட அந்தச் சிறிது நேரத்தில் பிள்ளை என்ன செய்தது என்பதையே அளந்தன. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை எப்படி இருக்கும் என்று எந்தக் கதையும் உறுதி தராது. கதை ஒரு வாய்ப்பைத் தருகிறது. அதை உறுதியாக்குவதும் கெடுப்பதும் பிள்ளையைச் சுற்றியுள்ள பெரியவர்கள்.

காலையில் கிரி மாமாவின் கருணையை வாசித்த ஆசிரியர், பத்து மணிக்கு வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பிரம்பால் அடித்தால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. பிரம்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. இரவில் படக்கதை பார்த்த தகப்பன், மறுநாள் வாசலில் வந்து நிற்கும் மீன்காரரை வாடா போடா என்று விளித்தால் பிள்ளை அதையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கும். தெருவைக் கூட்டும் நகரசபைத் தொழிலாளியிடமும், வேற்று மொழி பேசும் படையினனிடமும், ஹோட்டலில் பாத்திரம் கழுவும் மலையகப் பெடியனிடமும் நாம் எந்தக் குரலில் பேசுகிறோமோ, மதிப்பு என்றால் அதுதான் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். புத்தகம் அந்தக் குரலோடு ஒத்துப்போனால் வேர் பிடிக்கும். முரண்பட்டால் புத்தகம்தான் தோற்கும்.

சிபில் வெத்தசிங்க கடைசிவரை பிள்ளைகளை நம்பியவர். 2020இல் வெளிவந்த ‘வொண்டர் கிறிஸ்டல்’ என்ற புத்தகத்தில் கதையைத் தொடங்கி வைத்துவிட்டு, முடிவைப் பிள்ளைகளிடமே விட்டார். நாட்டின் பிள்ளைகள் எழுதி அனுப்பியவற்றுள் 1250 முடிவுகள் அதில் இடம்பெற்றன. மிக அதிக மாற்று முடிவுகளைக் கொண்ட புத்தகம் என்று கின்னஸ் சாதனையாக அது பதிவானது. அதே ஆண்டு யூலை முதலாம் திகதி, 92 வயதில் அவர் காலமானார்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். உப்புவெளியில் மாரி தொடங்குவதும் அப்போதுதான். முன்பள்ளிகளிலும் ஆரம்ப வகுப்புகளிலும் இந்தக் கதையை எடுக்கப்போகும் ஆசிரியர்களிடமும், வீட்டில் எடுக்கப்போகும் பெற்றோரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: கடைசிப் பக்கம் முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்காதீர்கள். “நீங்கள் என்றால் அந்த ஒரு குடையை என்ன செய்திருப்பீர்கள்?” என்று கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் முழுவதும் கேளுங்கள்.